1952 காலண்டர்னு சொல்லி 8,500 ரூபாய ஏமாத்திட்டான், பழைய பேப்பர் சாமான் வாங்குறவுக ஜாக்கிரதை

கை நடுங்கிக்கிட்டேதான் டைப் பண்ணுதேன். 8,500 ரூபாய், மொத்தமா போச்சு.

பழைய சாமான் விக்கிற ஆன்லைன் பக்கம் ஒண்ணு. தீப்பெட்டி லேபிள், சினிமா பாட்டுப் புஸ்தகம், பழைய கல்யாணப் பத்திரிகைன்னு ஒருத்தன் எதையாவது போட்டுக்கிட்டே இருப்பான். அதுல கொண்டையராஜு வரைஞ்ச முருகன் காலண்டர், 1952, பாளையங்கோட்டை ஜவுளிக்கடை போட்டதுன்னு ஒரு படம் வந்துச்சு. அவர் கோவில்பட்டில இருந்து வரைஞ்ச சாமி படமெல்லாம் சிவகாசில அச்சாகி நம்ம பக்கத்து வீடுகள்ல தொங்குச்சுல்லா, எங்க ஆச்சி வீட்டுப் பட்டாசல்ல (முன்கூடத்துல) இருந்தது மழைல நனைஞ்சு போனதுல இருந்து அதே மாதிரி ஒண்ணு தேடிட்டு இருக்கேன். வருசம் முடிஞ்சா தூக்கிப் போடுற பொருளு, அதுல ஒண்ணு தப்பிச்சு வர்றதே பெரிய விசயம். மேல சாமி, கீழ பட்டைல நம்மூர் கடை பேரு. எனக்கு அந்தப் பட்டைதான் உசுரு.

அவன் நம்ப வெச்ச விதத்தச் சொல்லணும். "அக்கா நானும் நம்மூருதான், வண்ணார்பேட்டைல ஒரு பழைய வீட்ட இடிக்காவ, பரண்ல கெடந்துச்சு, சாமி படத்த அருமை தெரியாதவுக கைல குடுக்க மனசு வரல"ன்னான். பேச்சு அச்சு அசல் நெல்லைப் பேச்சு. கீழ்ப்பட்டைய மட்டும் போட்டோ எடுத்து அனுப்பல, "சுருண்டு கெடக்குக்கா, விரிச்சா நொறுங்கிரும்"னான். பழைய காகிதம் நெசமாவே அப்படி நொறுங்கும், அது தெரிஞ்சுதான் அந்த வார்த்தையச் சொல்லிருக்கான். 8,500 ரூபாய் யூபிஐல அனுப்புனேன்.

பார்சல் வந்துச்சு. மடிப்புத் தடம் தெரியுது, தடவுனா மடிப்பே இல்ல. தண்ணிக் கறை இருக்கு, திருப்புனா பின்பக்கம் வெள்ள வெளேர்னு இருக்கு. கறை, மடிப்பு, ஆணித் துரு எல்லாத்தையும் சேத்து ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டிருக்கான் படுபாவி. கீழ்ப்பட்டை அதவிட அநியாயம். பாளையங்கோட்டைல வர்ற ‘ளை’ இப்ப நாம எழுதுற மாதிரியே இருக்கு. யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்ச பழைய ளை 1978ல எம்.ஜி.ஆர். ஆட்சிலதான மாறுச்சு? பெரியார் 1935லயே தன்னோட குடிஅரசு பத்திரிகைல மாத்துனார், சரி, ஆனா ஜவுளிக்கடை காலண்டர்ல அந்தக் காலத்துல யாரு அப்படி அச்சடிச்சா? அதையும் விடுங்க, பக்கத்துலயே 627002ன்னு பின்கோடு! பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல.

போன் போட்டா மொதல்ல "பழசுன்னா அப்படித்தான்க்கா இருக்கும்". பின்கோட சொன்னதும் "கூரியர்ல மாறிருக்கும், பாக்கேன்". அப்புறம் "ரிட்டர்ன் கெடையாதுன்னு போட்டிருக்கோம்லா" ன்னு அக்காவ விட்டுட்டு மேடம்னு ஆரம்பிச்சான். அடுத்து பிளாக். அந்தத் தளத்துல புகார் குடுத்தா "விற்பவரைத் தொடர்புகொள்ளவும்"னு ஒரே வரி திரும்பத் திரும்ப வருது, பிளாக் பண்ணவன எங்க போய் தொடர்புகொள்ள? 8,500 ரூபாய் எங்க வீட்டு ஒரு மாச மளிகை, பால் கணக்கு.

வாங்குறவுக பின்பக்கத்தத் திருப்பிக் காட்டி வீடியோ கேளுங்க. கீழ்ப்பட்டை தெரியாம பைசா அனுப்பாதீங்க. 1978க்கு முந்தினதுன்னு சொன்னா ளை, லை, னை, றா எல்லாம் பழைய வடிவத்துல இருக்கான்னு பாருங்க. பணம் போச்சுன்னா ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிடுங்க, தள்ளிப்போடாதீங்க. நான் புகார் பதிஞ்சிட்டேன்.

இன்னும் எழுதணும்னு இருந்தேன், இப்பதான் பாத்தேன், அதே முருகன, அதே கறையோட, இன்னொரு பேர்ல 9,000 ரூபாய்க்குப் போட்டிருக்கான். கீழ்ப்பட்டைய மறைச்சுத்தான் போட்டோ. யாரும் வாங்கிராதீங்க.