தஞ்சாவூர் ஒரு நாள் சுற்றுலாச் சேவை: வண்டி நன்று, வரிசை பிழை

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் திருமண நாளை ஒட்டி, நானும் என் கணவரும் தஞ்சாவூரைப் பார்ப்பதற்காக உள்ளூர் நிறுவனம் ஒன்றில் கார், ஓட்டுநர், வழிகாட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு நாள் சேவையைப் பதிவு செய்திருந்தோம். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்பது கணக்கு. கட்டணம் 4,200 ரூபாய். நுழைவுச்சீட்டும் சாப்பாடும் நம் பொறுப்பு. வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு முன்பே விடுதி வாசலுக்கு வந்துவிட்டார், ஹாரனைத் தேவையில்லாமல் தொடவில்லை. இந்த மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாளை அவர்கள் அடுக்கியிருந்த வரிசையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலை 9 மணிக்கு முதலில் அழைத்துப்போனது அரண்மனைக்கு. நாயக்கர்கள் கட்டி மராத்தியர்கள் விரித்த அந்த வளாகத்துக்குள் கலைக்கூடம், தர்பார் மண்டபம், மணிகோபுரம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் என்று பொறுமையாகப் பார்த்தால் அரை நாள் போதாது. எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ 1 மணி 45 நிமிடம். அதில் பெரும்பகுதியை நாங்கள் செப்புத்திருமேனிகளுக்கே கொடுத்துவிட்டோம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன்), 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்து நிற்கிறார். சாய்ந்து நிற்பதற்கான காளை இன்று இல்லை; காளையின் மேல் ஊன்றிய கை மட்டும் வெற்றிடத்தில் அப்படியே தங்கியிருக்கிறது, விரல்கள் தளர்ந்து, அங்கே இன்னும் ஏதோ இருப்பது போல. அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியில், சிவன் கைப்பிடித்திருக்கும் மணப்பெண்ணின் தலை லேசாகத் தாழ்ந்திருப்பதை என் கணவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகளும் படங்களும் சரசுவதி மகாலில் இருக்கின்றன என்று படித்திருந்தேன். அந்தப் பக்கம் போக நேரமில்லை.

பெரிய கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி 11-ஐத் தாண்டியிருந்தது. கேரளாந்தகன் வாயிலைக் கடந்து இராசராசன் வாயிலுக்கு வரும்போதே கல்தளம் காலைச் சுட ஆரம்பித்துவிட்டது. நந்தி மண்டபத்தில் ஒதுங்கி, அங்கிருந்து விரிப்பு போட்ட பாதை வழியாக விரைந்து சன்னதிக்குள் நுழைந்தோம். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் அவசரம் வேறு. கோயிலைக் காலை 6.30 மணிக்கும், வெயில் ஏறிய பிறகு கூரைக்குக் கீழே உள்ள கலைக்கூடத்தையும் வைத்திருந்தால் இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். தஞ்சாவூரிலேயே இருக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை.

வழிகாட்டியைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். சிகரத்தின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றார். அது பல துண்டுகளைப் பொருத்தி அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பிறகு, விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் நாங்கள் மூவரும் காலைச் சுடாத இடம் தேடி வடபுறத் திருச்சுற்றில் நின்றிருந்தோம். நின்றது விமானத்தின் நிழலில்தான். என் கணவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதே இடத்தில், அதே மனிதர், இராசராசனின் கல்வெட்டுக்கு வந்ததும் வேறொருவராகிவிட்டார். புள்ளியில்லாத அந்த எழுத்தைக் கல்லில் கைபடாமல் விரலால் தொடர்ந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: “நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக.” அக்கன் என்பது குந்தவை என்று விளக்கிவிட்டு, எங்களையும் ஒரு வரி வாசிக்கச் சொன்னார், நான்கு சொற்களை நானே கூட்டிப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு 4,200 ரூபாய் தகும். தனக்கு அடுத்து அக்காள், அதற்குப் பிறகுதான் மனைவியர் என்ற வரிசையைச் சுட்டிக்காட்டி, எங்கள் வீட்டிலும் இதே நடைமுறைதான் என்று சொன்னேன். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “அம்மா, இதைக் கல்லில் வெட்டிவிட்டார்கள், இனி மாற்ற முடியாது” என்றார். கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் இந்தச் சுவர்களில் இருப்பதையும் அவர்தான் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் எதற்காக நிழல் கதையைச் சொல்கிறார் என்று கேட்டேன். பெரும்பாலானோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

மதிய உணவு வாழையிலைச் சாப்பாடு. மோர்க்குழம்பு நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் நாளின் மோசமான பகுதி. திட்டத்தில் “கைவினைப் பொருட்கள்” என்று ஒரு வரி இருந்தது. தட்டில் தகடு பதிக்கும் பட்டறையையோ ஓவியத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுவதையோ காட்டுவார்கள் என்று எண்ணியிருந்தோம். எங்களை இறக்கிவிட்டது குளிரூட்டப்பட்ட ஒரு கடையில். அங்கே 50 நிமிடம் போனது. வேலை செய்கிற ஒருவரும் கண்ணில் படவில்லை, விலைச்சீட்டும் எதிலும் இல்லை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தபோது வழிகாட்டியின் முகம் சற்று வாடியது. தரகு அவருக்கா நிறுவனத்துக்கா என்பதை நான் கேட்கவில்லை. தலையாட்டி பொம்மையைப் பிறகு கோயில் எதிரில் சாலையோரத்தில் வாங்கினோம்.

கடையில் போன நேரத்தை அடுத்த இடமான திருவையாறு ஈடுகட்ட வேண்டியிருந்தது. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் காவிரியில் மணலும் மெல்லிய நீர்க்கோடும்தான் இருந்தன. இசைமேதை தியாகராசர் சமாதியில் எங்களைத் தவிர இரண்டே பேர். பாசிப்பருப்பில் செய்த அசோகாவை இலையில் சூடாக வாங்கி, நெய் விரலில் வழிய, படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே 20 நிமிடம்தான் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து கருத்துக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். வரிசையைப் பற்றிச் சொன்னபோது, முந்தைய நாள் மாலைக்குள் தெரிவித்தால் காலை 6 மணிக்கே வண்டி வரும், கடையையும் விட்டுவிடலாம், கட்டணத்தில் மாற்றமில்லை என்றார் பேசிய பெண். பதிவுச் சீட்டின் இரு பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். இது எங்கும் அச்சிடப்படவில்லை. பதிவு செய்கிறவர்கள் தாங்களாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.