ஈசிசேர்: மொழியியல் மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்ப நம்பிப் போகலாமா?

மொழியியல் படிக்கும் யாராக இருந்தாலும், வெளிநாட்டு மாநாட்டுக்கு முதன்முதலாக அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், அனுப்பும்போது போய் நிற்கிற இடம் பெரும்பாலும் ஈசிசேர் என்ற இணையதளம்தான். ஐரோப்பாவில் 1977-இலிருந்து இயங்கும் க்ளோ (GLOW) ஆகட்டும், ஐரோப்பிய மொழியியல் சங்கமான எஸ்எல்இ (SLE) ஆகட்டும், அவற்றின் மாநாட்டு அழைப்பைத் திறந்தால் அடியில் இருப்பது அந்தச் சுட்டி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் ஆந்த்ரே வோரன்கோவ் 2002-இல் உருவாக்கியது. மொழியியலுக்காகச் செய்ததல்ல, அது சில இடங்களில் நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் பயன்படுத்திய வரையில் அனுப்புகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு குறைவு, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தோற்றத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பக்கம் முழுக்கப் படிவமும் சின்ன எழுத்துமாக, பழைய ரயில்வே முன்பதிவுத் தளம் போலத்தான் இருக்கும். கணக்கு தொடங்கி, மின்னஞ்சலை உறுதி செய்து, ஆசிரியர் என்ற பொறுப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் வேலை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சப்மிட் அழுத்திய பிறகு கதவு மூடிவிடுவதில்லை. உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும். டெட்லைன் வரைக்கும் (ஒருங்கிணைப்பாளர்கள் அதை அடைத்து வைக்காத வரை) தலைப்பையும் ஆசிரியர் விவரத்தையும் பிடிஎஃபையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக ஏற்றியதுதான் கணக்கு. நம் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. கடைசி மணி நேரம் வரை கோப்பைக் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு, கரண்ட் போனாலோ நெட் தொங்கினாலோ அந்த வருஷத்தையே விட்டுவிடுகிறார்கள். அரைகுறையாக இருந்தாலும் ஒரு வடிவத்தை ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள், அப்புறம் நிதானமாக மெருகேற்றுங்கள்.

டெட்லைன் என்றதும் நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பில் ஏஓஇ (AoE, Anywhere on Earth) என்று போட்டிருந்தால், பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை என்று பொருள், இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. மத்திய ஐரோப்பிய நேரம் என்று இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, குளிர்காலத்தில் மறுநாள் விடியற்காலை 4.29, கோடையில் 3.29. ஏஓஇ என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலை எழுந்து தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

படிவத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் அப்பா பெயரின் தலையெழுத்தும். கட்டம் இருக்கிறதே என்று ஆளுக்கு ஒரு விதமாக நிரப்பி, ஒரு மாநாட்டில் ஒருவராகவும் இன்னொன்றில் வேறொருவராகவும் ஆகிப்போகிறோம். முதற்பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று ஈசிசேர் அங்கேயே சொல்கிறது, அது கண்ணில் படுவதில்லை. எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள், ஆனால் ஒரு முடிவு எடுத்து எல்லா மாநாட்டிலும் அதையே வையுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் ஆய்வைத் தேடும்போது அது உதவும்.

இன்னொன்று, நீங்கள் உள்நுழைந்திருப்பதால் மட்டும் ஆசிரியர் ஆகிவிட மாட்டீர்கள். ஆசிரியர் பட்டியலில் உங்களையே நீங்கள் சேர்க்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு சுட்டி உண்டு. தொடர்புக்குரிய ஆசிரியர் என்ற கட்டத்தில் டிக் போட்டவருக்குத்தான் மின்னஞ்சல்கள் போகும். வழிகாட்டிப் பேராசிரியருக்கு மட்டும் டிக் போட்டுவிட்டு, முடிவு வரவில்லையே என்று காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். தலைப்புக்குக் கீழே சுருக்கத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் வெறும் எழுத்து மட்டும்தான் போகும். மொழியியலுக்கு இது பெரிய இடைஞ்சல். நம்முடைய தரவு என்பது ஒரு தமிழ் வாக்கியம், அதற்கு நேர் கீழே ஒவ்வொரு உருபுக்கும் லைப்சிக் விதிப்படி (இப்படிக் குறிப்பதற்கான பொது விதிகள்) ஒரு க்ளாஸ், அதாவது பொருளையோ இலக்கணத்தையோ சொல்லும் குறி, அதற்கும் கீழே மொழிபெயர்ப்பு. மூன்று வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நின்றால்தான் பொருள். பெட்டிக்குள் ஒட்டினால் வரிசை கலைந்து, வேற்றுமை உருபு ஒரு பக்கமும் அதன் குறி இன்னொரு பக்கமுமாகக் கிடக்கும். வாக்கிய அமைப்பைக் காட்டும் மரவரைபடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால் பெட்டியில் வாதத்தை மட்டும் நாலைந்து வாக்கியத்தில், எடுத்துக்காட்டு இல்லாமல் எழுதுங்கள். முழுச் சரக்கும் பிடிஎஃபில் இருக்கட்டும். ஒரு மாநாட்டில் அந்தப் பெட்டியில் இருந்ததையே எடுத்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள், என் எடுத்துக்காட்டுகள் எனக்கே புரியாத நிலையில் இருந்தன. பெட்டிக்குக் கீழே குறிச்சொற்கள் குறைந்தது மூன்று, வரிக்கு ஒன்று.

பிடிஎஃபில் இரண்டு விஷயம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். ழகரத்துக்கான ஐபிஏ (சர்வதேச ஒலிப்பு எழுத்து) குறி, அதாவது தலைகீழாய்த் திரும்பி வால் வைத்த ஆர், மதிப்பாய்வாளரின் திரையில் வெறும் கட்டமாகத் தெரிந்தால் அவர் உங்கள் ஒலியனியல் வாதத்தை எப்படிப் படிப்பார்? சரிஸ் எஸ்ஐஎல், டூலோஸ் எஸ்ஐஎல் என்ற எழுத்துருக்கள் இரண்டும் இலவசம், ஐபிஏ முழுதும் உண்டு. அடுத்தது, பெரும்பாலான மொழியியல் மாநாடுகள் பெயர் மறைத்துத்தான் மதிப்பிடுகின்றன. பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது, கோப்பின் பண்புகளில் வேர்டு தானாக எழுதிவைத்த பெயரையும் நீக்க வேண்டும். "எனது முந்தைய ஆய்வில்" என்று எழுதி அடைப்புக்குறிக்குள் சொந்தப் பெயரைப் போடுவதும் அதே தப்புதான்.

பக்க அளவை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். க்ளோவுக்கும் அமெரிக்காவின் நெல்ஸ் (NELS) மாநாட்டுக்கும் வழக்கம் இரண்டு பக்கம், எஸ்எல்இக்கு 500 சொல். ஒருவர் தனியாக ஒன்று, மற்றவருடன் கூட்டாக ஒன்று மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பும் பல இடத்தில் உண்டு, அந்தக் கணக்கை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பாய்வாளராக உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் இதன் மேல் மரியாதை கூடியது. பொதுவாக மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மதிப்பெண், கூடவே இந்தத் துறையில் உங்களுக்கு எவ்வளவு பிடிமானம் என்று தனியாக ஒரு கேள்வி. திராவிட மொழித் தரவை முன்பின் பார்க்காத ஒருவர் குறைந்த மதிப்பெண் போட்டாலும், தன் பிடிமானம் குறைவு என்று அவர் நேர்மையாகக் குறித்தால் ஒருங்கிணைப்பாளர் அதைக் கணக்கில் எடுக்க முடிகிறது. நம் மொழிகளில் வேலை செய்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. முடிவு மின்னஞ்சலில் வரும், பெரும்பாலும் கருத்துரைகளும் சேர்ந்தே வரும். நிராகரித்திருந்தாலும் அவற்றை முழுதாகப் படியுங்கள். உலகத்தில் உங்கள் தலைப்பை அறிந்த இரண்டு மூன்று பேர் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவை அவை.

செலவு என்று பார்த்தால், கணக்குத் தொடங்க நமக்குக் காசு இல்லை. கட்டண உரிமங்கள் மாநாடு நடத்துபவர்களுக்கு.

கணினி மொழியியல் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இது போதாது. அந்தத் துறையின் முக்கியச் சங்கமான ஏசிஎல் (ACL) வட்டாரம் இப்போது ஓப்பன்ரிவியூ (OpenReview) என்ற வேறொரு தளத்தில் இருக்கிறது. அங்கே ஜிமெயில் முகவரியில் கணக்குத் தொடங்கினால் சரிபார்ப்புக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் பல்கலைக்கழக முகவரியைக் கேட்டு வாங்கி, கணக்கை மட்டுமாவது இப்போதே தொடங்கி வையுங்கள்.