ஹட்டன் வீட்டு வெப்கெம்: ஓட்டோ செட்டிங்கை நிறுத்திய பிறகு

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணிதம் எடுக்கிறேன். 2020இல் பாடசாலைகள் மூடியபோது தொடங்கியது. ஹட்டன் டவுனுக்கு வந்து டியூஷன் படிக்க பஸ் காசும் நேரமும் கட்டுப்படியாகாத தோட்டத்துப் பிள்ளைகள் இருப்பதால் இன்னும் ஓடுகிறது. கெமரா அன்று வாங்கிய அதே 1080பி வெப்கெம்தான், ஓட்டோ ஃபோகஸ் உள்ளது. பெயர் சொல்லத் தேவையில்லை, இந்த ரகத்தில் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். இத்தனை காலம் பாவித்ததில் என் அபிப்பிராயம் இது: கெமராவில் குறையில்லை, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவைத்தால் நம் மலைநாட்டு வெளிச்சத்துக்கு அது சரிவராது.

முதலில் கோட்டுப் பிரச்சினை. "சேர், உங்க முகத்துல கறுப்பு கோடு கோடா ஓடுது" என்று பிள்ளைகள் சொன்னால் நெற் சிக்னலைத் திட்ட வேண்டாம். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. வெப்கெம் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால், சில வரிகளுக்கு வெளிச்சம் கூடியும் சிலவற்றுக்குக் குறைந்தும் விழுகிறது. அதுதான் கோடு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். கெமராவும் அந்த 60க்கே செட் ஆகியிருந்தால் இங்கே கோடு தவிர்க்க முடியாதது. செட்டிங்கில் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்று ஒன்று இருக்கும், சில இடங்களில் 'அன்ட்டி ஃப்ளிக்கர்' என்று போட்டிருப்பார்கள். அதை 50 ஆக்கினால் பெரும்பாலும் அந்த நிமிடமே கோடு மறைந்துவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். 50 என்று போட்ட பிறகும் பகல் வகுப்பில் எனக்குக் கோடு வந்தது, ராத்திரி வகுப்பில் வரவில்லை. காரணம் எக்ஸ்போஷர். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு, கெமரா வெளிச்சம் வாங்கும் நேரம் 1/100 செக்கனாகவோ அதன் முழு மடங்காகவோ இருந்தால் எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். ஜன்னல் வெளிச்சம் கூடும்போது ஓட்டோ எக்ஸ்போஷர் அந்த நேரத்தை 1/100க்கும் கீழே இறக்கிவிடுகிறது. அதற்குக் கீழே போனால் 50 என்ற செட்டிங்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பகலில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கிறேன், பிரச்சினை தீர்ந்தது. பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் லைன் வாங்கி வகுப்பெடுத்த நாட்கள் வேறு கதை. அதன் வேகம் ஏறி இறங்குவதால் 50 என்பது சரியாக 50ஆக நிற்பதில்லை, கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கே பழகிப்போனது.

இனி மூடுபனி. வெப்கெம்மின் ஓட்டோ எல்லாம் வெளிச்சம் மாறாத அறையை மனதில் வைத்துச் செய்தவை. இங்கே காலை வகுப்பில் முதல் கணக்குப் போடும்போது வெயில். இரண்டாவது கணக்குக்குள் டிக்கோயா பக்கமிருந்து பனி ஏறி வந்து ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிடும். ஐந்து நிமிடத்தில் மறுபடி வெயில். ஒவ்வொரு தடவையும் படம் வெளுத்து, இருண்டு, மறுபடி வெளுத்துச் சரியாகும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் இன்னும் மோசம்: கெமரா பனியின் வெள்ளையைக் கணக்கில் எடுத்து முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது, என் முகம் கரிச்சட்டி. மேசையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தது, இந்தக் கெமராவுக்கு நான் செய்த எல்லாவற்றிலும் பெரிய உபகாரம். பனி நாளில் வரும் அந்தப் பரந்த வெளிச்சத்தைப் போல முகத்துக்கு நல்ல லைட் காசு கொடுத்தாலும் கிடைக்காது, நிழலே விழாது.

அதன் பிறகு எக்ஸ்போஷரில் ஓட்டோ டிக்கை எடுத்துவிட்டேன். விண்டோஸில் இது மைனஸ் எண்ணாக வரும், ஒரு படி இறக்கினால் நேரம் பாதியாகும். −5 என்றால் ஏறத்தாழ 1/32 செக்கன், −6 என்றால் 1/64. எனக்கு ராத்திரி டியூப் லைட்டில் −5 பொருந்துகிறது. −4க்குப் போனால் முகம் பளிச்சென்று வரும், ஆனால் செக்கனுக்குப் பதினைந்து ஃப்ரேமுக்கு மேல் கிடைக்காது, வைட்போர்டில் எழுதும் கை இழுபட்டுத் தெரியும். பகலுக்கு −6 அல்லது −7. வெயிலும் பனியும் மாறும்போது படம் கொஞ்சம் கூடக்குறைய வரத்தான் செய்யும். ஆனால் மூச்சு வாங்குவது போல் மேலும் கீழும் போவது நின்றுவிட்டது, பிள்ளைகளின் கண்ணுக்கு அதுவே போதும்.

ஓட்டோ ஃபோகஸையும் நிறுத்துங்கள். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் கையைப் பிடிக்கும், இறக்கினால் போர்டைத் தேடும். போர்டிலுள்ள எழுத்துத் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. படத்தின் நிறத்தைச் சமப்படுத்தும் வைட் பெலன்ஸும் அப்படித்தான். ஃப்ரேமில் ஜன்னல் வழியே தேயிலை மலை கொஞ்சம் அதிகமாக விழுந்தால் கெமரா பச்சையைச் சமப்படுத்தப் போய் முகத்தை ரோஸ் நிறமாக்குகிறது. அந்த ஸ்லைடரை 6500 கெல்வின் பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறேன், டியூப் லைட்டுக்கும் பனி வெளிச்சத்துக்கும் அதுவே ஓடுகிறது. ஷார்ப்னெஸ், சச்சுரேஷன் இரண்டையும் தொடவே இல்லை.

ஸூமில் 'லோ லைட்' சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன், வெளிச்சத்தைச் செயற்கையாகக் கூட்டும் கெமராவின் கெய்னையும் கீழே வைத்திருக்கிறேன். இருட்டை இழுத்து வெளிச்சமாக்கினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தப் புள்ளிகள் இடம் மாறுவதால் வீடியோவைச் சுருக்குவது கஷ்டம். இருக்கும் கொஞ்ச நெற் வேகமும் அந்தப் புள்ளிகளுக்கே செலவாகி, போர்டிலுள்ள எழுத்து கட்டம் கட்டமாக உடையும். மஸ்கெலியா பக்கம் ஒரு கோடு சிக்னலில் அப்பாவின் ஃபோனை வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இதுதான் பெரிய வித்தியாசம். மேசையில் இன்னொரு பல்பை வைத்து, சுவரில் பட்டு வரும்படி திருப்பிவிட்டேன். கெமராவை மாற்றியிருந்தாலும் இந்த அளவு தெளிவு வந்திருக்காது. இதே காரணத்துக்காக 1080பியையும் கைவிட்டு 720பியில் எடுக்கிறேன். 1080பியிலேயே எடுப்பதானால் ஒன்று: கெமராவை மாட்டும் யூஎஸ்பி 2இன் உச்ச வேகம் செக்கனுக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி வீடியோ 30 ஃப்ரேமில் ஏறக்குறைய ஆயிரம் மெகாபிட் கேட்கும். ஆகவே ஓபிஎஸ் என்ற வீடியோ மென்பொருளில் வீடியோ ஃபோர்மட்டை எம்ஜேபெக் (கெமராவே சுருக்கி அனுப்பும் முறை) என்று தெரிவு செய்யாவிட்டால் படம் தத்தித் தத்தி வரும்.

எரிச்சல் தரும் விஷயம் மறதி. பிளக்கைக் கழற்றி மாட்டினால் கெமரா பழைய ஓட்டோவுக்கே திரும்பிவிடுகிறது. விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் கெமராவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, பிரைட்னெஸ், கொன்ட்ராஸ்ட் போன்றவற்றை அங்கே மாற்றலாம். என் கெமராவுக்கு எக்ஸ்போஷர் அங்கே வரவில்லை. அதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோவைத் திறந்து, 'வீடியோ கெப்ச்சர் டிவைஸ்' சோர்ஸில் 'கொன்ஃபிகர் வீடியோ'வை அழுத்தினால் கெமராவின் சொந்தப் பெட்டி வரும், எல்லா ஸ்லைடரும் அதில்தான். பகல் எண்களையும் ராத்திரி எண்களையும் ஒரு துண்டில் எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். மகன் லினக்ஸ் போட்ட பழைய லெப்டொப்பில் இந்த வேலை இன்னும் சுத்தம்: கெமரா செட்டிங்கை மாற்றும் வி4எல்2-சிடிஎல் என்ற கட்டளையை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டான். அங்கே எக்ஸ்போஷர் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்காக வருவதால், 100 என்று போட்டால் சரியாக 1/100, 200 என்று போட்டால் 1/50. ஐம்பது ஹேர்ட்ஸ் நாட்டுக்கு அளந்து தைத்த கணக்கு.

மழை மாதங்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு பக்கத்தில் கேத்தல் கொதித்தால் குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும், படம் மங்கும். அதற்கு எந்த ஸ்லைடரையும் தேடாமல் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தால் போதும். பாடசாலை விடுமுறையில் நான் கெமராவைக் கழற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுகிறேன். இதுவரை பூஞ்சணம் பிடிக்கவில்லை.