செரோக்கி கூடை வாங்கப் போகிறீர்களா? விளிம்பைத் தூக்கிப் பாருங்கள்

அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வட கரோலினாவில், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் பெயராலேயே அமைந்த செரோக்கி ஊருக்குப் போகும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் 400 டாலருக்கு ஒரு போலிக் கூடையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "செரோக்கி பெண்கள் ரிவர்கேன் மூங்கிலில் பின்னிய இரட்டைப் பின்னல்" என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர்.

வீட்டில் துடைக்கும்போது விளிம்பு பிளந்துகொண்டது. உள்ளே பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு கூடைகள், நடுவே பசை! பட்டைகள் பளபளப்பே இல்லாமல், சிலும்பு சிலும்பாக நார் கிளம்பிய பிரம்பு.

உண்மையான இரட்டைப் பின்னலில் ஒட்டுவேலைக்கே இடமில்லை. உள் அடியில் தொடங்கி மேலே ஏறும் பட்டைகளே விளிம்பில் மடங்கி, வெளிப்புறமாக இறங்கி அடியில் முடியும். ரிவர்கேன் என்பது வட அமெரிக்காவின் சொந்த மூங்கில். அதன் தோல் பக்கம் இயல்பாகவே மினுங்கும். அதனால் உள்ளும் வெளியும் ஒருசேரப் பளபளக்கும். அந்த மூங்கில் காடுகள் இன்று பெரும்பாலும் அழிந்துவிட்டன. தேடி வெட்டி, பிளந்து, கத்தியால் சீவி, வால்நட் மர வேரில் கொதிக்கவைத்துச் சாயமேற்றிய பிறகுதான் பின்னலே தொடங்கும். ஏறக்குறைய மறைந்துபோயிருந்த இந்தப் பின்னலை, லண்டன் அருங்காட்சியகத்துக் கூடை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்தே மீட்டுக் கற்றுக்கொடுத்தவர் லாட்டி குவீன் ஸ்டாம்பர் என்ற செரோக்கிப் பெண்மணி. அந்த உழைப்பின் பெயரில் பசைக் கூடையை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், "பில்லில் செரோக்கி பாணி என்றுதானே போட்டிருக்கிறோம்" என்று கையை விரித்துவிட்டார். பணமும் வரவில்லை.

வாங்குமுன் பின்னியவரின் பெயரையும் அவர் எந்தப் பழங்குடி அமைப்பில் பதிவானவர் என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிரம்பு என்றாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது; ஓக்லஹோமா மாநிலச் செரோக்கிகளில் பலர் கடைப் பிரம்பிலும் பின்னுகிறார்கள். ஆனால் அவர்கள் அதைப் பிரம்பு என்றே சொல்லி விற்பார்கள். செரோக்கி ஊருக்குள்ளேயே 1946 முதல் கைவினைஞர்களின் கூட்டுறவுக் கடை நடக்கிறது. நேரே அங்கே போங்கள்.

பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. அமெரிக்க உள்துறையின் கீழுள்ள இந்தியக் கலை, கைவினை வாரியத்துக்கு (இங்கே 'இந்திய' என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும்) படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன். அந்தச் சாலையில் இப்படி ஏமாந்தவர்கள் பில்லைத் தொலைத்துவிடாமல் நீங்களும் புகார் கொடுங்கள்.