ரிவர்ட், ரிப்ளை, ரெஸ்பாண்ட், ஆன்சர்: எதை எங்க போடணும்?

"கைண்ட்லி ரிவர்ட்"னு முடியாத ஆபீஸ் மெயில் நம்ம ஊர்ல அபூர்வம். வேலைக்கு சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் எழுதுவேன், சீனியர்ஸ் எழுதுறாங்க, கேக்க மரியாதையா இருக்கு, ரிப்ளைன்னு போட்டா ஏதோ ஃப்ரெண்டுக்கு அனுப்புற மாதிரி இருக்கேன்னு ஒரு நினைப்பு. ஒரு தடவை லண்டன்ல இருந்த கிளையன்ட் ஒருத்தர் நாங்க அவங்க சாஃப்ட்வேர் கோட்ல புதுசா செஞ்ச ஒரு மாத்தத்தைப் பத்தி சந்தேகம் கேட்டிருந்தார், நான் "வில் ரிவர்ட் பை ஈவினிங்"னு தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா மூணு மெயில், ஒரு மிஸ்டு கால். அது நல்லாதானே ஓடுது, ஏன் எடுக்குறீங்க, யார் எடுக்க சொன்னாங்கன்னு மனுஷன் பதறிப்போய் கேட்டிருந்தார். கோட்ல செய்யற மாத்தங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கிட்ங்குற சாஃப்ட்வேரை யூஸ் பண்றவங்களுக்கு தெரியும், அங்க ரிவர்ட்னா ஏற்கனவே போட்ட கமிட்டை, அதாவது பதிவான மாத்தத்தை, ரத்து பண்ற மாதிரி இன்னொரு கமிட் போடுறது. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்றேன்னு நான் சொன்னது, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கழட்டிடுறேன்னு அவர் காதுல விழுந்திருக்கு.

தப்பு அவர் மேல இல்ல. ரிவர்ட்டோட மூலம் லத்தீன்ல திரும்பிப் போறதுன்னு அர்த்தம் உள்ள சொல், பழைய நிலைக்கு, பழைய ஓனருக்கு, பழைய பழக்கத்துக்கு திரும்புறது. 1997 ஜூலை 1-ம் தேதி ஹாங்காங் பிரிட்டன் கையில இருந்து சீனாவுக்குத் திரும்பப் போச்சு, அதுக்கு ரிவர்ட் சரியான சொல். குத்தகை முடிஞ்ச நிலம் சொந்தக்காரருக்கே போகுது, அதுக்கும் சரி. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மாதிரி நாடுகளோட ஆபீஸ்கள்ல இதுக்கு பதில் எழுதுறதுங்குற அர்த்தம் ஒட்டிக்கிச்சு, சில அகராதிங்க இந்திய ஆங்கிலம்னு குறிப்பு போட்டு அதை சேர்த்தும் இருக்கு. அதனால நமக்குள்ள எழுதிக்கிறப்போ இதை தப்புன்னு சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் புரியுது, புரிஞ்சா போதும். வெளிநாட்டு ஆளுக்கு எழுதும்போதுதான் வேண்டாங்குறேன். ரிவர்ட் பேக் எங்கயுமே வேண்டாம், திரும்புறது அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு.

சரி, அப்போ மிச்சம் மூணுல எது? மூணுக்கும் பதில் சொல்றதுன்னு ஒரே அர்த்தம் எழுதி வெச்சு நம்மள படிக்க வெச்சுட்டாங்க, ஆனா மூணும் வேற வேற.

ரிப்ளைக்கு லத்தீன் மூலத்துல மடிச்சுத் திருப்புறதுன்னு அர்த்தம். ரெப்ளிக்கான்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அதுவும் இதே குடும்பம். ஒரு செய்தி வந்துச்சு, திருப்பி ஒரு செய்தி போச்சு, அவ்ளோதான், உள்ள விஷயம் இருக்கோ இல்லையோ. உங்க மெயில் கிடைச்சதுன்னு ஒரு வரி போட்டாக்கூட அது ரிப்ளைதான். பின்னாடி டு வரணும், "ஐ ரிப்ளைட் ஹிம்"னு நம்மாளுங்க நிறைய பேர் எழுதுறாங்க, "ரிப்ளைட் டு ஹிம்"னு இருக்கணும்.

ரெஸ்பாண்ட்ல வார்த்தையே தேவையில்ல. மருந்துக்கு உடம்பு ரெஸ்பாண்ட் பண்ணுதுன்னு டாக்டர் சொல்றாரு, அங்க யாரும் வாயத் திறக்கல. ஒண்ணு நடந்தா அதுக்கு எதிரா நடக்குற எதுவும் ரெஸ்பான்ஸ்தான், மௌனமா எழுந்து போறது உட்பட. ஆனா அதோட லத்தீன் வேர்ல வாக்கு குடுக்குறதுங்குற அர்த்தம் இருக்கு, ஸ்பான்சர், ஸ்பௌஸ் ரெண்டுமே அங்க இருந்து வந்ததுதான். கோர்ட்ல மனுதாரருக்கு எதிர்ல நிக்கிறவர ரெஸ்பாண்டன்ட்னு சொல்றது இதனாலதான் எனக்கு ரொம்பப் பொருத்தமா படும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆன்சர். பழைய ஆங்கிலத்துல அதோட பின்பாதி ஸ்வேர், அதாவது சத்தியம் பண்றது. ஒருத்தர் மேல குத்தம் சாட்டுனா அதை மறுத்து அவர் சத்தியமா சொல்றதுதான் முதல்ல ஆன்சர். அந்த கனம் இன்னும் போகல, "ஆன்சர் மீ"ன்னா எனக்கு பதில் சொல்லு, "ஆன்சர் டு மீ"ன்னு ஒரு டு சேர்ந்துட்டா எனக்குக் கட்டுப்பட்டவன், எங்கிட்ட கணக்கு சொல்ல வேண்டியவன். ஃபோனையும் கதவையும் ஆன்சர் பண்ணலாம், ரிப்ளை பண்ண முடியாது.

நம்ம மொழியிலயே இந்த வித்தியாசம் இருக்கு, நாமதான் கவனிக்கல. எனக்கு பதிலா தம்பி போனான்னு சொல்றோம், ஒண்ணு இருந்த இடத்துல இன்னொண்ணு, ரிப்ளையும் அதே மாதிரி வெறும் மாத்துதான். விடைங்குறது விடுங்குற வேர்ல இருந்து வருது, முடிச்சு அவிழ்ந்து கேள்வி விடுபடணும். விடுகதைக்கு பதில் சொல்லுன்னு கேக்குறதவிட விடை சொல்லுன்னு கேக்குறது நல்லா உக்காருது. ஸ்கூல்ல விடை எட்டு வகைன்னு படிச்சோமே, ஆடுவாயான்னு கேட்டா கால் வலிக்கிறதுன்னு சொல்றதையும் அதுல ஒண்ணா சேர்த்திருப்பாங்க. ஆடுறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல, ஆனா கேட்டவருக்கு விஷயம் தெளிஞ்சுடுது. அந்தத் தெளிவு வந்தா ஆன்சர்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லன்னு போன வருஷம் நல்லாவே புரிஞ்சுது. என் அக்கவுன்ட்ல ரெண்டு தடவை பணம் பிடிச்சுட்டாங்கன்னு ஒரு இடத்துல புகார் குடுத்தேன், பத்தே நிமிஷத்துல உங்கள் புகார் பெறப்பட்டதுன்னு மெயில், மறுநாள் உங்கள் பொறுமைக்கு நன்றின்னு இன்னொண்ணு, மூணாம் நாள் "ரெஸ்பாண்டட்"னு போட்டு டிக்கெட்டையே, அதாவது என் புகாரோட பதிவையே, மூடிட்டாங்க. அவங்க கணக்குல பொய் இல்ல, ரெஸ்பாண்ட் பண்ணிட்டாங்க, ரிப்ளையும் ரெண்டு வந்துச்சு. நான் அதே டிக்கெட்டை மறுபடி திறந்து "யூ ஹாவ் ரிப்ளைட், பட் யூ ஹாவ் நாட் ஆன்சர்ட் மை கொஸ்டின்"னு ஒரே வரி எழுதினேன், அடுத்து வந்தது ஒரு ஆளோட ஃபோன்.

இப்போ வெளிநாட்டுக்கு எழுதும்போது நேரம் வேணும்னா "ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃபைவ்"னு போடுறேன். அதுலயும் பேக் இருக்கு, ஆனா போட்ட கோட் மாத்தத்தைக் கழட்டப் போறதா யாரும் பதற மாட்டாங்க.