"முன்னாடி சின்ன இடி மட்டும்ணே": மதுரையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கார் விளம்பரம் வந்தது. வெள்ளைக் கலர், இரண்டே கதவு, கேரளா நம்பர். கீழே ஒரு வரி: "முன்னாடி சின்ன இடி மட்டும். மறைத்து விற்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை." அதை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் இதே வரியை நம்பித்தான் பதினாலே முக்கால் லட்சத்தைக் கொடுத்தேன். இத்தனை மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தவன், அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு மேலூர் பக்கம் ஒரு சின்ன கிரானைட் பாலீஷ் பட்டறை. பலகைக் கல்லில் முடிக்கீறல் விழுந்திருந்தால் ரெசின் ஊற்றிக் காயவிட்டு மேலே மெருகேற்றுவோம். வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. (நாங்கள் சொல்லித்தான் விற்கிறோம். நம்பினால் நம்புங்கள்.) மெருகையே தொழிலாக வைத்திருப்பவன், இன்னொருவர் போட்ட மெருகில் வழுக்கி விழுந்தேன்.

வண்டி 2012 மாடல் ஆடி டிடி (Audi TT), ஜெர்மன் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, கர்நாடகா பதிவு, மீட்டரில் 58,000 கிலோமீட்டர். ரிங் ரோட்டில் ஒரு யார்டில் நின்றது. கேட்ட விலை பதினாறரை. அது ஆடி மாசம். "ஆடியில போயி யாராச்சும் வண்டி எடுப்பாகளா?" என்றார் அம்மா. தரகர் அதையே பிடித்துக்கொண்டு, "ஆடிக்கு ஆடித் தள்ளுபடிண்ணே" என்று ஒன்றே முக்காலைக் குறைத்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு இருபது வயதிலிருந்தே அப்படியொரு வண்டி மேல் ஆசை.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். விபத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் ஆரம்பித்தார். "அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். பின்னாடி தெரிஞ்சு என்னைய வையக்கூடாது. பெங்களூர்ல சிக்னல்ல முன்னாடி போனவன் டக்குனு நின்னுட்டான். பம்பரு, ஒரு ஹெட்லைட்டு, பானெட்டு. அம்புட்டுத்தான். கருப்பன் மேல சத்தியம்." போனில் மூன்று போட்டோ காட்டினார். பம்பர் தொங்குகிறது, இடதுபக்க ஹெட்லைட் உடைந்திருக்கிறது, பானெட்டின் ஒரு மூலை மடங்கியிருக்கிறது. சொன்னதற்கும் போட்டோவுக்கும் அப்படியே பொருந்தியது.

தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற வியாபாரியைப் பார்த்தால் நாம் என்ன நினைப்போம்? யோக்கியன் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். அதோடு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். சின்ன இடியைத் திறந்து காட்டியதே பெரிய இடியை நான் தேடாமல் இருக்கத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. பதினெட்டாம்படிக் கருப்பன் பெயரை ரிங் ரோட்டில் நின்றுகொண்டு யாரும் சொல்லலாம். அழகர்கோவில் கதவுக்கு முன்னால் வந்து சொல்லு என்று அன்றைக்கே கூட்டிப்போயிருக்க வேண்டும்.

சும்மா வாங்கவில்லை, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். இருபத்தைந்து வருஷ அனுபவம். இடிபட்ட பள்ளத்தை நிரப்பிப் பட்டி (பசை மாதிரியான பூச்சு) போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க நம் ஆட்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அவரும் வைத்தார். கதவில் ஒட்டியது. ஃபெண்டரில் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) ஒட்டவில்லை, பானெட்டிலும் ஒட்டவில்லை. அவர் முகம் மாறியது. தரகர் சிரித்துக்கொண்டே, "அது அலுமினியம்ணே, ஒட்டாது" என்றார். அது பொய்யில்லை. அந்த மாடலின் பாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அலுமினியம். எஃகு பெரும்பாலும் கதவிலும் பின்பக்கத்திலும்தான். ஆக, காந்தம் எதற்குக் கை கொடுக்க வேண்டுமோ அந்த முன்பக்கத்தில்தான் அது செல்லாக்காசு. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறது, அலுமினியத்திலும் அளக்கும் வகை. கம்பெனி பெயின்ட் நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரானுக்குள் அடங்கும். பட்டி இருந்தால் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறும். அந்த மீட்டர் எங்கள் இருவர் கையிலும் இல்லை. மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்து வளர்ந்த வண்டி வேறு.

ஓட்டிப் பார்க்க நத்தம் ரோடு பறக்கும் பாலத்துக்குக் கூட்டிப்போனார். 2023-ல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்கு மேல், பள்ளம் மேடு கிடையாது. மாட்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் அங்கே வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி லேசாக இடது பக்கம் நகர்கிற மாதிரி இருந்தது. ரோடு சரிவு போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சர்வீஸ் ரெக்கார்ட் 41,000 கிலோமீட்டரோடு நின்று, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒன்றுமே இல்லை. "கொரோனாண்ணே, வண்டியே எடுக்கல." அதற்கும் தலையாட்டினேன். ஆசை வந்துவிட்டால் எதிராளி பாதி சொன்னால் போதும், மீதியை நாமே சொல்லி முடித்துக்கொள்வோம்.

கர்நாடகாவிலிருந்து வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் தனிச் செலவு. அது தெரிந்தே போனதுதான், அதில் குறையில்லை.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இடது முன் டயரின் உள் ஓரம் மொட்டையாகிவிட்டது. பைபாஸ் ரோட்டில் அலைன்மென்ட் பார்க்கும் தம்பி மூன்று தடவை முயன்றுவிட்டு மெஷினை நிறுத்தினார். "அண்ணே, இது போல்ட்டு திருகுற வேலை இல்ல. ரெண்டு பக்கமும் கேஸ்டர், அதான் சக்கரம் திரும்புற அச்சோட சாய்வு, ஒத்துவரல. சக்கரம் மாட்டியிருக்குற எடமே தள்ளிப் போயிருக்கு." அவர் சொல்லித்தான் கோயம்புத்தூரில் அலுமினியம் பாடி வேலை தெரிந்த ஒரு பட்டறைக்கு வண்டியை டிரக்கில் ஏற்றிப்போனேன்.

லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். என்ஜினுக்கு இடது பக்கம் நீளவாக்கில் போகும் அலுமினியச் சட்டம் பாதியில் அறுக்கப்பட்டு, மேலே இரும்புப் பட்டை வைத்து ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். தயாரிக்கிறவர்களும் இரண்டையும் இணைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நடுவில் பசை கொடுத்து, ஈரம் புகாமல் அடைத்து இணைக்கிறார்கள். இங்கே தகரக் கொட்டகைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி போட்டிருந்தார்கள். சிக்னல் இடியில் அந்தச் சட்டம் மடங்காது.

அதற்குப் பிறகு வந்ததை எழுதவே கை வரவில்லை. ஸ்டியரிங் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஏர்பேக் இல்லை. அந்த வயரில் விரல்நகம் அளவுக்கு ஒரு ரெசிஸ்டர். பயணி பக்கத்திலும் அதே. கண்ட்ரோல் யூனிட் ஏர்பேக் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் சாவி போட்டதும் ஏர்பேக் லைட் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. "லைட் அணையுது பாருங்கண்ணே, எல்லாம் சரியா இருக்கு" என்று தரகர் விரலை நீட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. அந்த சீட்டில் என் மகளை உட்கார வைத்து அழகர்கோவில் வரை போய்வந்திருக்கிறேன்.

செலவு ஏழரை லட்சம், ஏர்பேக் தனி என்றார்கள். ஏழரை என்றதும் சிரிப்பே வந்துவிட்டது.

டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த பழைய சர்வீஸ் பில்லில் முதல் உரிமையாளரின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். தமிழ் பேசத் தெரிந்தவர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த வண்டி இன்னும் ஓடுதா?" நெடுஞ்சாலையில் சென்டர் மீடியனில் ஏறியிருக்கிறது. ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் முழு நஷ்டம் என்று கணக்கு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவருக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். உடைசலை ஏலத்தில் எடுத்தவர்தான் ஆர்.சி.யில் இருக்கும் 'இரண்டாவது உரிமையாளர்'. எனக்குக் காட்டிய போட்டோக்கள் அதற்கு முன்பு நடந்த வேறொரு சின்ன இடியின் போட்டோ. போட்டோ நிஜம், இடி நிஜம், வண்டியும் அதே வண்டி!

யார்டுக்குப் போனேன். தரகர் கோபப்படவே இல்லை, டீ சொன்னார். "ஆக்சிடெண்ட் வண்டினு சொல்லித்தானண்ணே வித்தேன்? நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீகளே." பேப்பரை எடுத்துக் காட்டினார். 'விபத்துக்குள்ளான வாகனம் என்பதை அறிந்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்.' என் கையெழுத்துதான்.

வக்கீல் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்; இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்; பத்திலிருந்து இருபது லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். சிக்கல் வேறு இடத்தில். பேப்பரில் விற்றவர் பெங்களூர்க்காரர். நான் வெறும் தரகர் என்று இவர் ஒதுங்கிக்கொள்வார். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி போக்குவரத்துத் துறையில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், அவரையே உரிமையாளராகக் கருதுவார்கள். இந்த யார்டுக்கு அந்தச் சான்று இல்லை. முதல் நாளே "சான்றைக் காட்டுங்கண்ணே" என்று கேட்டிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் கையில் இருக்கும் ஒரே பிடி, "பம்பர், ஹெட்லைட், பானெட் தவிர ஒண்ணுமே இல்லண்ணே" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. அதை வைத்துத்தான் வழக்கு நடக்கிறது. இதுவரை இரண்டு வாய்தா.

அப்படியானால் இடிபட்ட வண்டியே வாங்கக்கூடாதா என்று மச்சான் கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. போல்ட்டைக் கழற்றி மாட்டக்கூடிய பம்பர், ஃபெண்டர், பானெட் மட்டும் போயிருந்தால், விலையும் குறைந்தால், தாராளமாக வாங்கலாம். வண்டியின் அடிச்சட்டம், கூரையைத் தாங்கும் தூண், சக்கரம் பிடித்திருக்கும் இடம் இவற்றில் கை வைத்திருந்தாலோ ஏர்பேக் வெடித்திருந்தாலோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். எது போயிருக்கிறது என்பதை வாய் வார்த்தையில் கேட்காதீர்கள், பில்லைக் கேளுங்கள். இன்சூரன்ஸில் செய்திருந்தால் பட்டறையின் இறுதி பில்லில் மாற்றிய ஒவ்வொரு சாமானும் வரிசையாக இருக்கும். "கைக்காசு போட்டுச் செஞ்சோம்" என்றால், இவ்வளவு விலை வண்டிக்கு ஏன் கிளெய்ம் போடவில்லை என்று கேளுங்கள். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) கட்டத்தைப் பாருங்கள். என் வண்டியின் பாலிசியில் அது பூஜ்யம். கிளெய்ம் போட்டிருக்கலாம், பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கலாம், வண்டி கைமாறியிருக்கலாம். எது என்று கேட்கிற கேள்வியை நான் கேட்கவில்லை. கண்ணாடிகளின் மூலையிலும் சீட் பெல்ட்டின் அடியில் தைத்த துணிச்சீட்டிலும் தயாரித்த காலம் இருக்கும்; ஒன்று மட்டும் வண்டியைவிட இளசாக இருந்தால் காரணம் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வண்டி இப்போது பட்டறையில், கல் பலகைகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வழக்கு முடியும் வரை கை வைக்க வேண்டாம் என்கிறார் வக்கீல். அந்த வெள்ளை வண்டியைப் பார்க்கப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், போவதற்கு முன்னால் மேலூர் வந்துவிட்டுப் போங்கள். அறுத்து ஒட்டின சட்டம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். கையோடு ஒரு டார்ச் கொண்டு வாருங்கள், அடியில் வெளிச்சம் பத்தாது.