மொட்டைக் கட்டளையா, இரண்டு பக்க விவரமா, ஆறு சொற்களா?

தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று செய்ய உட்கார்ந்தேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணித் தர வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரே வேலையை ஏஐ உதவியாளரிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒரு சாயங்காலம் போனது.

முதலில் மொட்டையாகக் கேட்டேன்: "சொல்லில் உள்ள எழுத்துகளை எண்ணும் ஃபங்ஷன் எழுது." ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன நிரல் (கோட்) துண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நொடியில் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வெறும் லெங்த், அதாவது நீளம் சொல்லும் ஆயத்த வசதி. 'தமிழ்' என்று கொடுத்தால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் குறியீடுகளை எண்ணியிருக்கிறது. 'கொடு' இன்னும் வேடிக்கை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விடை மட்டும் ஒரு முறை 4, இன்னொரு முறை 5.

இதற்கு உதவியாளரைத் திட்டிப் பயனில்லை. எழுத்து என்று நான் எதைச் சொல்கிறேன் என்று சொல்லவே இல்லை. சொல்லாத இடத்தை, இதுவரை அதிகம் பேர் எழுதிய கோடை வைத்து அது நிரப்பிக்கொண்டது. அந்த அதிகம் பேர் ஆங்கிலச் சொற்களை எண்ணியவர்கள். லாகின் பக்கம், போட்டோக்களுக்குத் தேதி வாரியாகப் பெயர் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு மொட்டைக் கட்டளையே போதும். அங்கே ஊர் வழக்கமும் என் தேவையும் ஒன்றுதான். கோடைப் படிக்காமல் ஏஐயிடம் சொல்லியே வேலை வாங்குவதற்கு 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்த ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரே கர்பாத்தியும், வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் வேலைகளுக்குப் பரவாயில்லை என்ற அளவில்தான் சொன்னார்.

சரி, விவரமாகவே சொல்வோம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பள்ளிக்கூடப் பாடம் முழுக்க வந்துவிட்டது. உதவியாளரும் 247 எழுத்துக்கும் பட்டியல் போட்டு நீளமாக எழுதித் தந்தது. 'தமிழ்' 3, சரி. 'ஜன்னல்' கொடுத்தேன், அதற்கும் 3! கிரந்த எழுத்தை நான் மறந்திருந்தேன். நான் மறந்ததை அதுவும் விசுவாசமாக மறந்தது. கிட்ஹப்பின் ஸ்பெக் கிட் போன்ற கருவிகள் இந்த விவரம் எழுதும் வழியைத்தான் முறைப்படுத்துகின்றன. நாலு பேர் சேர்ந்து செய்யும் பெரிய வேலைக்கு அது தேவைதான். ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு பக்கம் என்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

மூன்றாவதாக விளக்கமே கொடுக்கவில்லை. ஆறு சொல், ஆறு விடை: தமிழ் 3, கொடு 2, அஃது 3, ஜன்னல் 4, லக்ஷ்மி 3, வெற்றுச் சொல் 0. இவற்றுக்கு டெஸ்ட் (விடை சரியா என்று தானாகச் சோதிக்கும் கோட்) எழுதி, எல்லாம் தேறும்வரை நிறுத்தாதே என்றேன். இந்த முறை அது, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்ட்ல் செக்மென்ட்டரை எடுத்தது. ஐந்து தேறின, லக்ஷ்மி மட்டும் 4 என்று வந்தது, க்ஷ் இரண்டாக உடைந்ததால். அதைப் பார்த்துவிட்டு, க்ஷவைச் சேர்த்து எண்ணும் இரண்டு வரிகளைத் தானே போட்டது.

இதிலும் ஒரு திருட்டுத்தனம் நடக்கலாம். 'லக்ஷ்மி வந்தால் 3' என்று விடையையே கோடில் எழுதிவைத்தாலும் டெஸ்ட் தேறிவிடும். அதனால் 'பக்ஷி'யைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தேன். 2 என்றது. என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

ஆனால் மொட்டைக் கட்டளையை நான் விடவில்லை. முதல் பத்து நிமிஷம் இப்போதும் அதுதான். எந்தச் சொற்களில் உடைகிறது என்று பார்த்து, அவற்றை டெஸ்ட்டில் போட்டுவிட்டு, அந்தக் கோடை அழித்துவிடுவேன்.

முடிக்கும்போது உதவியாளர் ஒரு கேள்வி கேட்டது: ஶ்ரீயையும் ஒரே எழுத்தாக எண்ணவா? வீட்டில் கேட்டேன். அம்மா ஒன்று என்கிறார், தம்பி இரண்டு என்கிறான். அந்த டெஸ்ட்டை இன்னும் எழுதவில்லை.